பாரிஸில் இன்றும் மழை

ஜனவரி 4, ஞாயிறு

இந்த டைரி மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விளம்பரம். இன்றைய பக்கத்தில் வாயுத் தொல்லைக்கான மாத்திரை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வருடா வருடம் இப்படி நாலைந்து வரும். இதுவரை எல்லாவற்றையும் கற்பகம் அக்காவிடம் கொடுத்துவிடுவேன், அவள் கோலம் வரைந்து பழகுவாள். இந்த வருடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காரணம் இருக்கிறது. ஆதிரை பிரெஞ்சு படிக்கப்போகிறாள். அவளுக்கு வயது ஐந்தரை மாதம்.

யோசனை அவருடையது. பாரிஸுக்கு வெளியே ஓர் ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்க்கிறார். நான் ஐந்து மாதமாக இருந்தபோது விமானம் ஏறியவர், பெற்ற பிள்ளையை இன்னும் கையில் வாங்கவில்லை. அங்கே எங்களைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் குடும்பம் தங்குகிற அளவுக்கு வீடு காட்ட வேண்டுமாம். வீடு பார்த்துவிட்டதாகத்தான் சொல்கிறார். காகிதங்கள் நகர வேண்டும்.

“நான் இங்க வந்தப்ப ஒரு வார்த்த தெரியாம ஊமை மாதிரி நின்னேன் கோமு. உப்ப கேட்டா சக்கரைய எடுத்துக் குடுத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. எம்பொண்ணு அப்படி நிக்கக் கூடாது. தொட்டில்லயே காதுல விழுந்துட்டா தானா வந்துடுமாம்” என்றார்.

விதிகள் இரண்டு. ஒன்று, அவர் இணையத்தில் படித்தது: ஓர் ஆளுக்கு ஒரு பாஷை. அப்பா அவளிடம் பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார், தமிழ் எங்கள் பொறுப்பு. இரண்டு, டாக்டர் ராஜசுலோசனா சொன்னது: இரண்டு வயது வரை திரையே கூடாது. ஆகவே ஒலிப்பதிவு மட்டும். வீடியோ கால் கிடையாது, பிள்ளை தூங்கும்போது வேண்டுமானால் கேமராவைத் திருப்பிக் காட்டுவேன். இரண்டாவது விதியைச் சொல்லும்போது சண்டை போடுவார் என்று நினைத்தேன். “ஆமா ஆமா, டாக்டர் சொன்னா சரிதான்” என்று உடனே ஒத்துக்கொண்டார். கல்யாணமாகி நாலு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொன்னதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

முதலில் தரவிறக்கியது ஒரு பிரெஞ்சுக்காரியின் பாட்டும் பேச்சும். நீல நிற ஸ்பீக்கரில் போட்டேன். ஊருக்குப் போகும்போது அவர் எனக்கு வாங்கித் தந்துவிட்டுப் போனது, ஒரு டப்பா அளவுதான் இருக்கும். ஆதிரை இரண்டு நிமிடம் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு வீடு இரண்டாகிற மாதிரி கத்தினாள்.

அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அவள் முன்னறையில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அத்தான் காலமான பிறகு இந்த முதலியார்பேட்டை வீட்டில் நாங்கள் இருவரும்தான்.

“யாருடி அவ, சளி புடிச்சவ மாதிரி பேசறா? கொழந்த பயந்துக்கினு கத்துது பாரு.”

“அது பிரெஞ்சுக்கா. அப்படித்தான் மூக்கால பேசணும்.”

“மூக்கால பேசறதுக்கு எதுக்கு ஒரு பாஷை? மழைக்காலத்துல நானே பேசுவேன்.”

அவரிடம் சொன்னேன். “அப்ப நானே பேசி அனுப்புறேன்” என்றார்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப்பொங்கல்

வந்துவிட்டது. மூன்று நிமிடம் நாற்பது நொடி.

“கூக்கூ, ஆதிரை! சே பாப்பா” என்று ஆரம்பிக்கிறார். கூக்கூ என்றால் குழந்தைகளைக் கூப்பிடுவதாம். சே பாப்பா என்றால் ‘நான்தான் அப்பா’. அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அவன் பாப்பாவா, இவ பாப்பாவா? மொதல்ல அத முடிவு பண்ணுங்க.” பிறகு ஒவ்வொரு பொருளாகச் சொல்லிச் சொல்லி நிறுத்துகிறார். கடைசியில் “ஆ தமேன்”. நாளைக்குப் பார்க்கலாம் என்று அர்த்தம்.

ஆதிரை அழவில்லை. காலைத் தூக்கியபடி அப்படியே கேட்டாள். முடிந்ததும் ஸ்பீக்கரை நக்கினாள்.

நான் எட்டு முறை கேட்டேன். பாடத்துக்காகத்தான். பின்னால் சொட்டுச் சொட்டென்று ஒரு சத்தம். மதியம் அவர் வேலைக்கு நடந்துகொண்டே பேசியபோது கேட்டேன்.

“அது வெளில மழை கோமு.”

ஜனவரி 27, செவ்வாய்

மருந்துச் சீட்டு மாதிரியே எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன். காலை ஒன்று, எண்ணெய் தேய்க்கும்போது. மாலை ஒன்று, விளக்கு வைத்த பிறகு. இரவு வேண்டாம். குலுக்கத் தேவையில்லை.

ஸ்பீக்கருக்கு அக்கா ‘மாப்ள’ என்று பெயர் வைத்துவிட்டாள். “மாப்ளைக்கு சார்ஜ் போட்டியா?” “மாப்ள மேல எண்ண கொட்டிடப் போவுது, நவுத்து.” ஆதிரைக்கு விளையாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், மாப்ளை ஒன்று போதும். கட்டிப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள். தூங்கின பிறகு எடுத்தால் விழித்துக்கொள்கிறாள்.

பாரிஸில் இன்றும் மழை.

பிப்ரவரி 11, புதன்

மனசு சரியில்லை.

மாடி வீட்டு மதலேன் டீச்சர் மாவு வாங்க வந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவர். மாலைப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. நின்று கேட்டவர் குபீரென்று சிரித்துவிட்டார்.

“ஏம்மா கோமளா, கொழந்தைய ஓட்டல்ல வேலைக்குச் சேக்கப் போறீங்களா? ஒன்யோன்னா வெங்காயம். அத்தான்சியோன், ஷோ! பாத்து, சூடுன்னு சொல்றார். வித் வித்துன்னா சீக்கிரம் சீக்கிரம். இது முழுக்கச் சமையல்கட்டுப் பேச்சும்மா.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் நிலா, பூ, பறவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக என் பிள்ளை வெங்காயம் படித்திருக்கிறாள்.

டீச்சர் நல்லவர்தான். முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார். “இவரு எங்கேர்ந்து பேசறாரு? கெணத்துக்குள்ள நின்னு பேசற மாதிரி கேக்குதே?”

“புது வீடு டீச்சர். இன்னும் சாமான் எதுவும் வாங்கல. காலி வீடு அப்படித்தான கேக்கும்?”

“ஓ. சரிதான்.”

பதிவில் நடுநடுவே யாரோ தட்டுகிற சத்தம் கேட்கும், உடனே அவர் “ழாரிவ், ழாரிவ்!” என்பார். அதற்கு அர்த்தம் என்ன என்றும் கேட்டுவைத்தேன். ‘இதோ வந்துட்டேன்’ என்று அர்த்தமாம்.

பிப்ரவரி 12, வியாழன்

வெங்காய விஷயத்தை அவரிடம் கேட்டேன். கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

அவர் பக்கம் தெருவில் கார் போகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, “எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அதான் கோமு. அடுப்படிக்கு வெளில யாரும் எங்கிட்டப் பேசறதில்ல. நிலாவுக்கு என்னன்னு கேட்டுச் சொல்றேன்” என்றார்.

ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது. நான் சொன்னேன், “நிலா வானத்துலதான இருக்கு, எங்க போயிடும்? வெங்காயமே சொல்லுங்க. வெங்காயம் இல்லாம என்ன குடும்பம்?”

சிரித்துவிட்டார். தட்டுகிற சத்தம் என்ன என்றும் கேட்டேன். பக்கத்து வீட்டில் ஆசாரி வேலை நடக்கிறதாம். அவர் பேசி அனுப்புவது விடியற்காலை. அந்த ஊரில் ஆசாரி அப்போதே வந்துவிடுகிறான், நம் ஊரில் பத்து மணிக்கு முன்னால் எவன் வருகிறான்?

மார்ச் 3, செவ்வாய்

பிரசவ லீவு முடிந்து நேற்றிலிருந்து கடைக்குப் போகிறேன், காலை நேரம் மட்டும். ஆதிரை அக்காவிடம். சீட்டைக் காட்டிக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரே காலையில் ஆறு தடவை போட்டிருக்கிறாள்.

“என்னாக்கா இது, ஓவர் டோஸ்!”

“போடலன்னா மாவுக் குண்டான்ல கைய வுடுதுடி. போட்டா சும்மா கெடக்குது. நானே பாதி கத்துக்கினேன். மாவு வாங்க வரவங்ககிட்ட வித் வித்துன்னு சொன்னா சீக்கிரம் கெளம்பிடறாங்க.”

மார்ச் 22, ஞாயிறு

ஆதிரை தவழ்கிறாள். பின்பக்கமாகத்தான் போகிறாள், ஆனாலும் தவழ்தல் தவழ்தல்தான்.

இன்னொரு வித்தை. பதிவில் தட்டும் சத்தம் வந்ததும் அவளும் தரையைப் படபடவென்று தட்டுகிறாள். தட்டிவிட்டு மாப்ளையையே பார்க்கிறாள். உள்ளிருந்து “ழாரிவ்!” என்று வந்ததும் சிரிப்பு. பொக்கை வாயில் இரண்டு பல் தெரிய அந்தச் சிரிப்பைச் சிரிக்கிறாள். இப்போதெல்லாம் மாப்ளை அணைந்திருந்தால்கூடத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறாள். அவரிடம் சொன்னேன். “நிஜமாவா? காத்திருக்காளா?” என்று நாலு தடவை கேட்டார்.

வீட்டைப் பற்றி இன்று விவரமாகச் சொல்லச் சொன்னேன். இரண்டு ரூம். ஒரு ஜன்னல், வெளியே ஒரு மரம். ஜன்னல் அளவு கேட்டேன். கொஞ்சம் யோசித்து நாலடிக்கு மூன்றடி என்றார். திரைக்குத் துணி எடுக்கப்போகிறேன். படம் எடுத்து அனுப்புங்கள் என்றால் போன் கேமரா சரியில்லை என்கிறார்.

ஏப்ரல் 14, செவ்வாய். சித்திரை ஒன்று

லீவு கிடைத்துவிட்டது! மே எட்டாம் தேதி வருகிறார். இருபது நாள்!

ஏப்ரல் 29, புதன்

திரை தைத்து முடித்தேன். இளமஞ்சள், ஓரத்தில் பச்சைப் பூ. மடித்துப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அவர் தினமும் ஒன்றையேதான் கேட்கிறார். “எங்கிட்ட வருவாளா கோமு? இங்க ஒருத்தன், கூட வேல செய்யறவன். ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போனான். அவன் புள்ள அவனப் பாத்து, இந்த மாமா எப்ப போவாருன்னு கேட்டுச்சாம். அவன் அத இங்க வந்து சொல்லிச் சொல்லி அழுவான்.”

“உங்க பொண்ணு நாலு மாசமா உங்களத்தான் கட்டிப் புடிச்சுக்கினு தூங்கறா. பாத்ததும் தாவுவா, பாருங்க” என்றேன்.

எனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருக்கிறது. அதை எழுதிவைக்கிறேன், எங்கேயாவது சொல்ல வேண்டுமே.

மே 8, வெள்ளி

மத்தியானம் டாக்சியில் வந்து இறங்கினார். வெயில் கொளுத்தியது. மெலிந்துவிட்டார், தாடையெலும்பு தெரிகிறது. பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். “அடியே என் தங்கமே! என் ராசாத்தி! அப்பாடி, அப்பா வந்துட்டேன்டி!” என்று கையை நீட்டினார்.

ஆதிரை அவரைப் பார்த்தாள். அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஒரு அலறல். தெருவில் பாத்திரக்காரன்கூட நின்றுவிட்டான்.

அவர் கையை மடக்கிக்கொண்டு, “பயணக் களைப்பு, அழுக்குச் சட்டை. குளிச்சுட்டு வரேன்” என்றார். கடற்கரைக்குப் போய்விட்டு வரலாமென்று குளிக்காமலே வெளியே போனார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்.

மே 9, சனி

மூன்று முறை தூக்கப் பார்த்தார். மூன்று முறையும் அலறல். அவர் பக்கத்தில் வந்தாலே மாப்ளையைக் கட்டிக்கொள்கிறாள்.

மே 11, திங்கள்

காதில் ஏதாவது கோளாறோ, பார்வையில் ஏதாவதோ என்று டாக்டர் ராஜசுலோசனாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாம் பார்த்தார். “பத்து மாசக் கொழந்த புது ஆளப் பாத்து அழத்தான்மா செய்யும். வீடியோ கால்ல அப்பாவப் பாத்துப் பழகியிருக்குமே?”

“நீங்கதான டாக்டர் திரை கூடாதுன்னு சொன்னீங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நான் சொன்னது டிவியும் கார்ட்டூனும்மா. பெத்த அப்பா மொகத்தப் பாக்க வேணாம்னா சொல்லுவேன்?”

ஊரில் இருக்கிற எல்லா டாக்டர் கிறுக்கலையும் படித்து, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று தெருவுக்கே சொல்கிறவள் நான். என் வீட்டுச் சீட்டை எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஆட்டோவில் வரும்போது அழுதேன். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். “உன் மேல மட்டும் தப்பில்ல கோமு” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது?

பிறகு மெதுவாகச் சொன்னார், “டிக்கெட்ட முன்னாடியே மாத்திக்கினு கெளம்பிடட்டுமா? நான் இருக்கறதால புள்ள சரியா சாப்பிடக்கூட மாட்டேங்குது.”

“வாய மூடுங்க” என்றேன்.

மே 12, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை பத்து மணி. நான் கடைக்கு லீவு. அக்கா முன்னறையில் அரைத்த மாவை வழித்துக்கொண்டிருந்தாள். ஆதிரை கூடத்துப் பாயில். மாப்ளைக்குச் சார்ஜ் தீர்ந்துவிட்டதால் அதைப் பிளக்கில் மாட்டியிருந்தேன், அவள் அதற்காகச் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அவர் இரவே டிக்கெட் கம்பெனிக்கு எழுதிப்போட்டிருக்கிறார், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. துண்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுப் பாத்ரூமுக்குப் போனார். எங்கள் பாத்ரூமுக்குத் தகரக் கதவு. சிமெண்டுத் தொட்டி. குழாய் எத்தனை முறை வாஷர் மாற்றினாலும் சொட்டும்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து, ரொம்ப மெதுவாக,

“கூக்கூ, ஆதிரை! சே பாப்பா.”

ஆதிரையின் சிணுங்கல் நின்றது.

அதே குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. அதே சொட்டுச் சொட்டு. நான் ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தேன். அணைந்துதான் கிடந்தது. அக்கா மாவை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள், கையெல்லாம் மாவு. உள்ளே அவர் பாட்டுக்கு வெங்காயம் என்கிறார், கரண்டி என்கிறார், பார்த்து, சூடு என்கிறார். நடுவில் குரல் உடைகிறது. மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி வெங்காயம் என்கிறார்.

ஆதிரை பாயைவிட்டு இறங்கினாள். இரண்டு மாதமாகப் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்த பிள்ளை, முன்பக்கமாக, முட்டி தேயத் தேயப் போனாள். கூடம் தாண்டி, சமையல்கட்டு தாண்டி. நான் தூக்கப் போனேன், அக்கா மாவுக் கையோடு என் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். பிள்ளை பாத்ரூம் கதவு வரைக்கும் போனாள். உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் தகரத்தைப் படபடபடவென்று தட்டினாள்.

“ழாரிவ், ழாரிவ்!” என்றார் உள்ளே. யோசிக்காமல், பழக்கத்தில்.

கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலை முழுக்கச் சோப்பு, கண் சிவந்து நிற்கிறார். ஆதிரை அண்ணாந்து பார்த்தாள். அவர் அசையவில்லை. அவள் அவர் முகத்தை ஒருமுறை, அவருக்குப் பின்னால் இருட்டாக இருந்த பாத்ரூமை ஒருமுறை பார்த்தாள்.

“கூக்கூ” என்றார்.

இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். கையைத் தூக்கினாள்.

அவர் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். சோப்பு நுரையோடு பிள்ளையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். அவள் அவர் கன்னத்தை நக்கினாள், ஸ்பீக்கரை நக்குகிற மாதிரியே. சோப்பு கசந்திருக்கும், முகத்தைச் சுளித்தாள், ஆனால் இறங்கவில்லை.

அக்கா மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மாப்ள வெளிய வந்துட்டாருடி” என்றாள்.

மே 13, புதன்

நேற்று சந்தோஷத்தில் எனக்கு உறைக்கவில்லை. இன்று காலை பாத்ரூமைக் கழுவிக்கொண்டிருந்தபோது உறைத்தது. துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

“பாரிஸ்ல எத்தன நாள் மழைங்க?”

உடனே புரிந்துவிட்டது அவருக்கு.

எல்லாம் சொன்னார். வீடு இல்லை. ஒரு ரூமில் ஐந்து பேர், அடுக்குக் கட்டில். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருவன் வந்து படுப்பான். அங்கே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரே கதவு பாத்ரூம் கதவுதான். ஒழுகும் குழாய். மற்றவர்கள் எழுந்து வருவதற்குள் அங்கே போய் நின்றுகொண்டு பிள்ளைக்குப் பேசியிருக்கிறார்.

“ஆசாரி?”

“அது பாத்ரூமுக்கு வரிசைல நிக்கறவங்க.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், அழுகை வந்துவிட்டது. பிறகு கோபம் வந்தது. பீரோவைத் திறந்து திரையை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன். “நாலடிக்கு மூணடி! எந்த ஜன்னலுக்கு அளவு சொன்னீங்க? மரம் வேற! அந்த மரம் எங்க?”

“மரம் இருக்கு கோமு. வேலைக்குப் போற வழில.”

அரை நாள் அவரோடு பேசவில்லை. அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை. இந்த ரூமை மறைக்கத்தான் வீடியோ வேண்டாம் என்றதற்கு அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லியிருக்கிறார். ‘உன் மேல மட்டும் தப்பில்ல’ என்றதற்கு அர்த்தம் இப்போதுதான் தெரிந்தது. பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. நான் இங்கே மெத்தையில் படுத்துக்கொண்டு அந்த ஜன்னலோரம் தொட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேனே, அந்த நேரத்தில் மனுஷன் ஈர டைல்ஸில் செருப்பில்லாமல் நின்றிருக்கிறார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் நானே போய்ச் சொன்னேன். “அடுத்த பொங்கல் வரைக்கும் பாப்போம். வீடு கெடச்சா வரோம், ஒரு ரூமா இருந்தாலும் சரி. கெடைக்கலன்னா நீங்க வாங்க. இங்கயும் ஓட்டல் இருக்கு, இங்கயும் வெங்காயம் இருக்கு. ஆனா இனிமே எங்கிட்ட மழைன்னு சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“டிக்கெட்ட முன்னாடி மாத்தச் சொல்லி எழுதினீங்களே, அது?”

“இன்னிக்குக் காலைலயே வேணாம்னு எழுதிட்டேன்.”

மே 20, புதன்

இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. கடைத்தெரு, கடற்கரை, மாடி என்று இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறார். ஓர் ஆளுக்கு ஒரு பாஷை என்ற விதி காற்றில் போய்விட்டது. தமிழில் கொஞ்சுகிறார், பிரெஞ்சில் அதட்டுகிறார். மதலேன் டீச்சரிடம் நிலாவுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு வந்து மொட்டைமாடியில் நின்று சொல்லிக்கொடுத்தார். லூன். ஆதிரை நிலாவைப் பார்க்கவில்லை, அவர் வாயையே பார்த்தாள்.

மாப்ளையை அக்கா எடுத்து மாவுக் கடையில் பக்திப்பாட்டுப் போட வைத்துக்கொண்டாள்.

மே 28, வியாழன்

கிளம்பிவிட்டார்.

பை கட்டும்போது திரையை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். “என் கட்டில் தலைமாட்டுல கட்டிக்கிறேன். அளவு சரியா இருக்கும்” என்று வாங்கிக்கொண்டார்.

டாக்சியில் ஏறும் வரை ஆதிரை அவர் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது. “ஆ தமேன்” என்றார் அவளிடம். நாளைக்கு என்று அர்த்தம். நாளைக்கு இல்லை என்று எனக்குத் தெரியும் என்பதால் வீட்டுக்குள் போய்விட்டேன்.

மே 31, ஞாயிறு

போய்ச் சேர்ந்த அன்றே வீடியோவில் கூப்பிட்டார். முதல் முறையாக எல்லாவற்றையும் காட்டினார். கட்டில், மஞ்சள் திரை, பாத்ரூம், ஒழுகும் குழாய். திரையை விலக்கிப் பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். ஆதிரை போனைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

ஆனால் இன்று காலையில் ஒன்று நடந்தது. எண்ணெய் தேய்த்து உட்காரவைத்துவிட்டு வெந்நீர் எடுக்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். பாத்ரூம் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தட்டுகிறாள். காதைத் தகரத்தில் வைக்கிறாள். மறுபடி தட்டுகிறாள். காத்திருக்கிறாள்.

கதவைத் திறந்து காட்டினேன், “பாரு, யாருமில்ல” என்று. உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள், ஆனால் அழவில்லை. கதவைப் பிடித்து இழுத்துச் சாத்தப் பார்த்தாள். சாத்தினால்தானே உள்ளே ஆள் இருக்கும்.

என்ன செய்வேன்? பிறகு போனை எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பதிவுப் பொத்தானை அழுத்தினேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே படபடவென்று தட்டினாள். தட்டிவிட்டு, “பாப்பா!” என்றாள். “பாப்பா, பாப்பா, பாப்பா!” தெளிவாக, மூன்று முறை. இதுவரை அவள் சொன்னதே இல்லை. அவள் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

“ழாரிவ்!” என்றேன் நான். “ழாரிவ், கண்ணு. வரோம், இதோ வரோம்.”

அப்படியே அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடம் பத்து நொடி. கொஞ்ச நேரத்தில் இரண்டு நீல டிக் விழுந்தது, கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. ஆதிரையைக் குளிப்பாட்டினேன், துவட்டினேன், சாம்பிராணி போட்டேன், தூங்கவைத்தேன். அப்புறம்தான் வந்தது, ஒரே ஒரு வரி.

‘கோமு, பின்னால சொட்டுச் சொட்டுன்னு கேக்குதே. அங்க மழையா?’

வெளியே பார்த்தேன். வெயிலில் தெரு வெளுத்துக் கிடந்தது. அக்கா காயப்போட்ட வடாம் ஒரே காலையில் காய்ந்திருந்தது.

‘ஆமாங்க’ என்று எழுதினேன். ‘இங்க நல்ல மழை.’